பெயர் குடியிருக்கும் வீடு

ஜூன் 11

இன்று பீர்க்கங்காய் போட்ட அரிசிச் சேமியா. ஓங் அக்காவுக்குப் பல் இல்லையே என்று கணவாயை இரண்டு தடவை வேகவைத்தேன். அவளோ பக்கத்துத் தட்டிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "கடலை பழகினதுடி, கணவாய்தான் பிடிவாதம் பிடிக்குது" என்கிறாள்.

சாப்பாட்டின் நடுவில் ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. ஷுன்ஃபா அண்ணன். என் பெரியப்பா மகன்; எட்டு வருடமாக இந்தத் தீவின் ஊர்த் தலைவன்.

"ஊர் மக்களே, நல்ல சேதி. மூடிக் கிடக்கற பள்ளிக்கூடத்த காவ்சியுங் கம்பெனி ஒண்ணு எடுத்து, தங்கும் விடுதி ஆக்கப் போகுது. புது வருஷம் பொறந்ததும் வேலை ஆரம்பம். டூரிஸ்ட் வருவாங்க, தீவுக்குப் பணம் வரும்!"

மூடிக் கிடக்கிற பள்ளிக்கூடமாம்! அதற்குள்ளே உட்கார்ந்துதான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகள் இல்லாமல் பள்ளி மூடியது உண்மைதான். ஆனால் பெரிய வகுப்பறையில் அடுப்பு வைத்து, தினமும் மதியம் நான் சமைக்கிறேன். வந்து சாப்பிடுபவர்கள் எல்லாம் பெற்ற பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் காவ்சியுங் நகரத்தில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிறவர்கள். பாதிப் பேருக்கு நாளெல்லாம் வயிற்றில் விழும் சூடான சாப்பாடு இது ஒன்றுதான். தியென்சாய் மாமா ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப நாம யாரு, பெஞ்சா?" என்றார்.

ஜூன் 12

அண்ணனைப் படகுத்துறையில் பிடித்தேன். எஞ்சினைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸ்.

"இவங்க எல்லாம் இனி எங்க சாப்பிடுவாங்க அண்ணே?"

"கோயில் கூடம் இருக்கே."

"குளிர்காலத்துல கோயில் கூடத்துல காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாதா? சூப்புக் கிண்ணத்துல அலை எழும்பும்."

சிரித்தான். "தங்கச்சி, இந்த ஊர் ஓட்டுல முக்கால்வாசி காவ்சியுங்ல இருக்கு. அவங்களுக்கு விடுதி வேணும், லீவுக்கு வந்தா தங்க. பிடிக்கலன்னா நவம்பர்ல வேற ஆளுக்குப் போடுங்க."

வேற ஆள் யார் இருக்கிறார்கள்? எட்டு வருடமாக அவனை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. மதியம் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். ஓங் அக்கா கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப நீ நில்லு" என்றாள்.

"நிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 13

நேற்றுச் சொன்னதை யாராவது மறந்திருப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் மறக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 14

முட்டாள். முட்டாள் யூசின்.

தியென்சாய் மாமா பாத்திரம் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, தேர்தலன்னிக்கு உன்னை வரிசையில பார்த்ததே இல்லையே. எப்ப போய்ப் போடுவ?"

நான் போட்டதே இல்லை. தேர்தல் நாளில் காவ்சியுங்கிலிருந்து படகு படகாக ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பூசணி போட்ட சேமியா வறுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பேன். என் பெயர் இங்கே இல்லவே இல்லை. இருபது வயதில் வேலைக்குப் போனபோது காவ்சியுங்கில் அம்மா வாங்கிய அடுக்குமாடி வீட்டில் பதிந்த பெயர், இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் தீவுக்குத் திரும்பிப் பதினோரு வருடம். நான்கு வருடம் முன்பு அப்பா போனதும், "இந்தக் காத்து எனக்கு ஆகாது" என்று அம்மா அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவின் பெயரோ இங்கே இருக்கிறது. அம்மா இருக்கும் இடத்தில் என் பெயர், நான் இருக்கும் இடத்தில் அம்மா பெயர்.

பக்கத்துப் பெரிய தீவில், மாகோங் டவுனில் இருக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி.

"தேர்தல் நவம்பர் 24 அக்கா. அதுக்கு நாலு மாசம் முன்னாடியே பேரு இங்க வந்திருக்கணும். ஜூலை 24 கடைசி. ஓட்டுப் போடவும் அதான், நிக்கவும் அதான்."

"நான் பதினோரு வருஷமா இங்கதாம்மா இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க. உங்க பேரு இல்லையே."

பெயரைக் கொண்டுவர, இந்த வீட்டில் யார் யார் என்று அரசாங்கம் பதிந்து கொடுத்த குடும்பப் புத்தகம் வேண்டும். அம்மாதான் குடும்பத் தலைவி. புத்தகம் அவளிடம்.

ஜூன் 15

அம்மாவுக்குப் போன் செய்து, தேர்தலைப் பற்றி மூச்சு விடாமல் புத்தகத்தை மட்டும் கேட்டேன். எல்லாம் வீண். அம்மாவுக்கு ஒரே பேச்சுதான்: வரி.

"உன் பேரு இங்கேருந்து போச்சுன்னா, குடும்பம் குடியிருக்காத வீடுன்னு நில வரிய அஞ்சு மடங்கு போடுவான். தெரியுமா உனக்கு?"

"நீதான் குடியிருக்கியேம்மா!"

"நான் குடியிருந்தா போதாதுடி. பேரு குடியிருக்கணும்."

"அப்ப உன் பேரை அங்க மாத்திக்கோ."

"ஏன், தீவுக்காரின்னு படகுல எனக்குப் பாதிக் கட்டணம் போகட்டும்னா? ஒன்பதாம் மாசம் முதியோர் பணம் போகட்டும்னா? சும்மா இருக்கறதை ஏண்டி கிளறுற?"

இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். படகுச் சலுகைக்காகப் பெயரை இங்கே விட்டுவிட்டு ஆள் அங்கே. இதில் என்ன தப்பு என்று நேற்றுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27

புத்தகம் வரவில்லை. தபாலில் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். தபால்காரரே வந்து, அப்படி ஒன்றும் வரவில்லை என்று வருத்தப்பட்டார்.

ஜூலை 3

அண்ணன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டான். இன்று அவளே கூப்பிட்டாள். ஹலோகூட இல்லை.

"நம்ம ஷுன்ஃபாவ எதிர்த்து நிக்கப் போறியாமே?"

"ஆமா."

"உங்கப்பாவுக்குப் பெட்டி கொண்டுவந்தது யாருடி?"

அப்பா போனது பிப்ரவரியில். வடகாற்று உச்சத்தில் இருந்தபோது. நாலு நாளாகப் படகு இல்லை. சவப்பெட்டி மாகோங்கில் கிடந்தது. ஷுன்ஃபா அண்ணன் யாரையும் கேட்காமல் தன் மீன்படகை எடுத்துக்கொண்டு போய், நனைந்து வெளுத்துப் போய், பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான். துறையில் நின்று அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் ஓட்டு எப்பவும் உனக்குத்தாண்டா" என்று சொன்னதை நானும் கேட்டேன். அவனுடைய ஏழைச் சித்தி, கொடுக்க வேறு என்ன இருந்தது அவளிடம்?

மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அதற்காகப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்துவிட முடியுமா? கிழங்களைக் கோயில் கூடத்தில் குளிரில் உட்காரவைக்க முடியுமா? அண்ணன் செய்தது பெரிய காரியம். இப்போது செய்வது தப்பு. இரண்டும் ஒரே ஆள் செய்தது, அதற்கு நான் என்ன பண்ண?

"புத்தகத்த அனுப்பும்மா."

"தொலைஞ்சு போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூலை 11

புயல் எச்சரிக்கை. படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். நானும் ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். ஒவ்வொரு ஆணியும் ஷுன்ஃபா அண்ணன், அம்மா, வரி, ஷுன்ஃபா அண்ணன்...

ஜூலை 14

படகு இல்லை. புயலே வராமல் வடக்கே திரும்பிப் போய்விட்டது, கடல் மட்டும் இன்னும் கோபத்தில் இருக்கிறது. அம்மா புத்தகத்தை அனுப்பமாட்டாள் என்பது தெரிந்துவிட்டது. நானே போகிறேன். அடுப்பை ஓங் அக்காவிடம் விட்டுப் போக வேண்டும். கடவுள்தான் எல்லோர் வயிற்றையும் காப்பாற்ற வேண்டும்.

ஜூலை 17, காவ்சியுங்

அம்மா மாஜோங் ஆடிக்கொண்டிருந்தாள். மூன்று தோழிகள், நாலு தேநீர்க் கோப்பை, மேசையெல்லாம் காய்கள். என்னைப் பார்த்ததும் ஒரு வினாடி கை நின்றது. பிறகு, "ஆட்டம் முடியட்டும், உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். அந்த ஆட்டம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. அம்மா வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று தோழிகளுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாடி போட்ட அத்தை ஒருத்திதான் பாவம் பார்த்தாள்.

"உங்க பொண்ணு எதையோ தேடி வந்திருக்கா போல."

"குடும்பப் புத்தகம் அத்தை. தொலைஞ்சுடுச்சாம்."

"புத்தகமா? நீலக் கவர் போட்டதா? அது இந்த மேசைக்கால் ஆடாம இருக்க அடியில மடிச்சு வெச்சிருக்கே!"

அம்மா அந்த அத்தையைப் பார்த்த பார்வையில் சுவர் இடிந்து விழுந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், அழுகை வந்தது. என் ஊர், என் வீடு, மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.

தோழிகள் மெல்ல எழுந்து போனார்கள். அம்மா காய்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் யூசின். உனக்குப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"போட வேண்டாம். நான் உன் ஓட்டைக் கேக்கல. என் ஓட்டைக் கேக்கறேன்."

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு கையால் மேசையைத் தூக்கினாள், நான் குனிந்து எடுத்தேன். மேசை சாய்ந்து, அடுக்கிய காயெல்லாம் கடகடவென்று தரையில். இருவருமாகப் பொறுக்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு மீன் உருண்டைச் சூப்பு வைத்தாள். என் கிண்ணத்தில் மட்டும் உருண்டைகள் கூடுதலாக இருந்தன.

ஜூலை 19

முடிந்தது! பதிவு அலுவலகத்தில் அதே பொறுமைசாலிப் பெண். வீடு மாறியதை இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு சின்ன அபராதம் போட்டாள். அபராதம் கட்டிவிட்டு இவ்வளவு சிரித்தவள் நானாகத்தான் இருப்பேன். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எங்கள் தீவின் பெயர். படகில் வரும்போது நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

ஜூலை 24

கடைசி நாள். இனி யாரும் உள்ளே வர முடியாது, இருப்பவர்கள்தான். அம்மா காலையில் போன் செய்தாள். ஜூலை 17-க்குப் பிறகு முதல் தடவை. காவ்சியுங் வீட்டுப் பத்திரத்தை எந்த உறையில் போட்டோம், மூக்குக் கண்ணாடியை நான் எங்கேயாவது எடுத்து வைத்தேனா என்று கேட்டாள்.

"வரி விஷயமாம்மா?"

"வரி விஷயந்தான். வேறென்ன விஷயம் இருக்கு எனக்கு, உன் தயவுல?"

வைத்துவிட்டாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 29

வேட்புமனு கொடுத்தாயிற்று. மாகோங் வெயிலில் வரிசை. எனக்கு முன்னால் ஷுன்ஃபா அண்ணன் நின்றான். வெளியே வந்ததும் கள்ளிப்பழ ஐஸ் இரண்டு வாங்கி ஒன்றை என் கையில் திணித்தான். திரும்பும் படகில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் சிவந்த நாக்கோடு வந்தோம்.

"தோத்தா அழக் கூடாது" என்றான்.

"யாரு?" என்றேன்.

செப்டம்பர் 14

பேனாவை அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது. கோபத்தில்.

பேய்க்குடி என்று என் மேல் புகார் போயிருக்கிறது! தேர்தலுக்காகப் பெயரை மட்டும் ஒரு ஊருக்குக் கொண்டுவந்து, ஆள் அங்கே குடியிருக்காவிட்டால் அது குற்றம். அதற்கு மக்கள் வைத்த பெயர் பேய்க்குடி. ஜூலையில் பெயர் வந்தது நான் ஒருத்திதானாம். அதனால் சந்தேகமாம்.

விசாரிக்க வந்தவன் யார்? சுவாங். எங்கள் தீவுக் காவல் சாவடித் தம்பி. நேற்று மதியம் என் கையால் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நெளிந்தான்.

"அக்கா, நீங்க... இந்த முகவரியிலதான் குடியிருக்கீங்களா?"

"ஏண்டா தம்பி, நேத்து நீ சாப்பிட்டது ஆவி சமைச்ச சோறா?"

"அத எழுத முடியாதுக்கா. பல் துலக்கற பிரஷ்ஷ போட்டோ எடுக்கணும். படுக்கையும்."

எடுத்தான். என் பிரஷ், என் மெத்தை, குளியலறையில் காய்ந்துகொண்டிருந்த என் உள்பாவாடை தவிர எல்லாம். முப்பது வருடமாக ஊருக்கே வராதவர்கள் பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் அவை நகரவே இல்லை. நகர்ந்தது என் பெயர் மட்டும். அதனால் நான் பேய்.

யார் புகார் கொடுத்தது என்று அவன் சொல்ல மாட்டான். நேராக அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "நான் இல்ல தங்கச்சி" என்றான், கண்ணைப் பார்த்து. "என்கூட இருக்கற எவனாவது இருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மாகோங்குக்கு வந்து வாக்குமூலம் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டு பறிபோகுமோ? நிற்க விடுவார்களா? என்னை வெளியே தள்ளுகிறார்கள், என் சொந்த ஊரிலிருந்து என்னையே...

இல்லை. அழப் போவதில்லை. நாளைக்கு முட்டைக்கோஸ் வெட்ட வேண்டும்.

செப்டம்பர் 15

இன்று நடந்ததை வார்த்தை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவரும் கையில் ஏதோ ஒன்றோடு வந்தார்கள். ஓங் அக்கா என் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்; அப்பா இருந்தபோது கடன் வாங்கிப் போனது, நான் மறந்தே போயிருந்தேன். தியென்சாய் மாமா என் ஏணியோடு வந்தார். கோடிவீட்டுக் கிழவர் ஒருவர், ஒற்றைக் குடையை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். வடிதட்டு, சுத்தியல், அம்மாவின் பழைய தையல் மிஷின் மூடி. எல்லாவற்றையும் சுவாங்கின் சாப்பாட்டு மேசை மேல் குவித்தார்கள்.

ஓங் அக்கா சொன்னாள்: "எழுதிக்கோ தம்பி. இந்தக் குக்கரை இவகிட்ட நான் வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. பேய் குக்கர் கடன் குடுக்குமா? குடுத்தாலும் நான் வாங்குவேனா?"

"திருப்பிக் குடுக்காம வெச்சிருந்தது நல்லதாப் போச்சு பாரு" என்றார் தியென்சாய் மாமா.

சுவாங் ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். காது சிவந்துவிட்டது அவனுக்கு. படம் எடுத்து முடித்ததும் எல்லோரும் அவரவர் சாமானைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். குக்கர் உட்பட.

செப்டம்பர் 30

மாகோங்கில் வாக்குமூலம் கொடுத்து ஒரு வாரத்துக்குள் தகவல் வந்துவிட்டது. மேல் நடவடிக்கை இல்லை. நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று இப்போது அரசாங்கத்துக்கும் தெரியும்.

அக்டோபர் 9

வடகாற்று வந்துவிட்டது. கதவைத் திறந்தால் முகத்தில் உப்பு.

ஒலிபெருக்கி அண்ணனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது போன் ஒன்று. ஊர் ஓட்டு காவ்சியுங்கில் என்றால் காவ்சியுங்குக்கே பேசுகிறேன். சாயங்காலம் பாத்திரம் கழுவியதும், ஒவ்வொரு மகனாக, ஒவ்வொரு மகளாக.

"நான் யூசின் பேசறேன். எனக்குப் போடுங்கன்னு சொல்ல வரல. உங்கம்மா இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லவா?"

சிலர் உடனே வைத்துவிடுகிறார்கள். சிலர் விடுதி வந்தால் நல்லதுதானே என்று வாதம் செய்கிறார்கள்; செய்யட்டும். ஓங் அக்காவின் மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "பல்லு கட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல. கடலை மட்டும் கடிக்கறாங்க."

"அது அப்படித்தான்" என்றான்.

அக்டோபர் 26

தொண்டை கட்டிவிட்டது. போன் தொடர்கிறது.

நவம்பர் 20

இன்று என்னைப் போல ஒரு பைத்தியம் இருக்க முடியாது.

வாக்காளர்களுக்கான அறிவிப்புச் சீட்டை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது, என் பெயருக்கு. அம்மாவின் சீட்டு இல்லை. கொண்டுவந்தவன் அண்ணனின் ஆள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என் மேல் புகார் போட்டது போதாதென்று என் அம்மா சீட்டிலும் கை வைப்பார்களா? செருப்பை மாற்றக்கூட இல்லை, ஓடினேன்.

"எங்கம்மா சீட்டு எங்க?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என்னது?"

"எங்கம்மா ஓட்டு உனக்குத்தான் விழப் போகுது, எனக்கும் தெரியும். அதுக்காக? அது அவ ஓட்டு. எவனும் தொடக் கூடாது. இப்பவே எடுத்துக் குடு!"

அவன் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏண்டி, எனக்கு விழப் போற ஓட்டை நானே ஒளிச்சு வெப்பனா?"

ஆமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் வீட்டிலிருந்தே பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அதே பெண். "அம்மா பேரா? இங்க இல்லையே அக்கா. ஜூலை 24 காவ்சியுங்குக்கு மாத்திட்டாங்க. இப்ப தீவு வீட்டுக்குக் குடும்பத் தலைவி நீங்கதான். தெரியாதா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணனும் கேட்டான். உடனே தன் போனிலும் ஸ்பீக்கரைப் போட்டு என் அம்மாவைக் கூப்பிட்டான்.

"சித்தி, என்ன சித்தி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"வரிடா" என்றாள் அம்மா. "இவ பேரு போயிடுச்சு. யாராவது ஒருத்தர் பேரு இங்க குடியிருக்கணுமே. அஞ்சு மடங்கு வரிய நீ கட்டுவியா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ விடுதி கட்டறதுக்கு ஒரு வார்த்தை கேட்டியா யாரையாவது?" என்று கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றும் கேட்டுவிட்டு, வைத்துவிட்டாள்.

அண்ணன் மனைவி எனக்கும் ஒரு கிண்ணம் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நவம்பர் 24

இன்று அடுப்பு எரியவில்லை. வேட்பாளர் கையால் யாருக்கும் ஒரு வாய் போட்டாலும் ஓட்டுக்குச் சோறு என்று ஆகிவிடும் என்று சுவாங் நேற்றே எச்சரித்துவிட்டான். கிழங்கள் எல்லாம் வீட்டிலிருந்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்து, பள்ளிச் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஓட்டுச்சாவடி எங்கள் சாப்பாட்டு வகுப்பறைதான். அடுப்பை மூலையில் துணி போட்டு மூடியிருந்தார்கள். வரிசையில் நின்றேன். தியென்சாய் மாமா பின்னால் இருந்து, "இன்னிக்குத்தான் உன்னைப் பார்க்கறேன்" என்றார். முத்திரையைக் குத்தும்போது என் பெயருக்கு நேரே என் கை கோணிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில், பிறந்த மண்ணில், முதல் ஓட்டு.

காற்று பலமாக இருந்தும் படகுகள் வந்தன. ஓங் அக்காவின் மகன் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினான். யாருக்குப் போட்டான் என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். தன் அம்மாவுக்குப் பல் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறானாம்.

நாலு மணிக்கு எண்ணினார்கள். சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயரைக் கூவ, கரும்பலகையில் கோடு போட்டார்கள். அண்ணன் பெயர், என் பெயர், அண்ணன், அண்ணன், நான். முக்கால்வாசி ஓட்டு காவ்சியுங்கில் இருக்கிறது என்று சொன்னானே, அந்த முக்கால்வாசி அவனுக்கே விழும் என்று இருவருமே நினைத்திருந்தோம்.

கடைசிச் சீட்டைத் தூக்கியபோது என் பக்கம் ஒரு கோடு அதிகம்.

ஒன்றே ஒன்று.

மறுபடி எண்ணினார்கள். ஒன்றுதான்.

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருவர் மனதிலும் ஒரே கணக்குதான் ஓடியது. அம்மா இந்தப் படகில் வந்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் சமம். சீட்டுக் குலுக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

யாரோ கை தட்டினார்கள். அடுப்பை மூடியிருந்த துணி மேல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 25

பொறுப்பு ஏற்றேன். அண்ணன் ஒலிபெருக்கி அறைச் சாவியைக் கொடுத்தான். "மைக்க வாயில ஒட்டி வெக்காத, கரகரங்கும்" என்றான். விடுதிக் கம்பெனிக்கு அவனே போன் செய்து, ஊர் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டானாம். நன்றி சொன்னேன். "தோத்தும் அழல பார்த்தியா" என்றான். மூக்கு சிவந்திருந்தது. காற்றாக இருக்கும்.

மைக்கில் நான் சொன்ன முதல் அறிவிப்பு: "இன்னிக்கு மதியம் மீன் கஞ்சி. பள்ளிக்கூடத்துல."

பத்து மணிப் படகில் அம்மா வந்தாள். தலையில் துணி சுற்றிக்கொண்டு, துறையில் இறங்கியதும் இறங்காததுமாக, "முழுக் கட்டணம் வாங்கிட்டான்! இந்த ஊர்க்காரி இல்லையாம் நான்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு நேராக அண்ணனிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். அவன் தலையை ஆட்டினான். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

மதியம் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். கிழங்கள் எல்லாம் போனபிறகு நானே ஆரம்பித்தேன்.

"வரிக்காகத்தான் மாத்தினியாம்மா?"

கிண்ணத்தை வழித்துக்கொண்டே இருந்தாள். "அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அத மீற என்னால முடியாது. பெத்த பொண்ணு பேர விட்டுட்டு வேற பேருக்கு முத்திரை குத்தவும் கை வராது. என்ன பண்ணச் சொல்ற? இங்க ஓட்டே இல்லாம இருந்தாத்தான் ரெண்டு பேரு முகத்துலயும் முழிக்க முடியும்."

அவள் கையைப் பிடிக்கப் போனேன், கஞ்சிக் கையாக இருந்தது, இழுத்துக்கொண்டாள்.

"இப்ப அவன்கிட்ட சொல்லிட்டேன். உனக்குக் குடுத்த வாக்கு தீந்துடுச்சுடா, பெட்டி கொண்டுவந்ததுக்கு உயிர் இருக்கற வரைக்கும் நன்றி உண்டு, ஆனா ஓட்டு இனி என் இஷ்டம்னு. சரி சித்தின்னான்." எழுந்து கிண்ணத்தைக் கழுவினாள். என் கிண்ணத்தையும் எடுத்துக் கழுவினாள். "அடுத்த தடவையும் நிப்பியா?"

"நிப்பேன்."

"அப்ப நாலு மாசத்துக்கு முன்னாடி ஞாபகப்படுத்து. என் பேரை இங்க கொண்டு வரணும். இந்தத் தடவை மாதிரி கடைசி நாள் வரைக்கும் இழுக்க என்னால முடியாது."

"வரி?"

"அஞ்சு மடங்குதானே. கட்டறேன்."

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன்: ஜூலை. அம்மா பெயர்.